மாதிரிக் கொடுப்பனவாளர் குலசிங்கம்

திருகோணமலையில் உட்துறைமுகத்தைப் பார்த்தபடி, உப்புக் காற்றில் சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருக்கும் பழைய கட்டிடம் ஒன்றில் குடும்பப் பராமரிப்புக் கொடுப்பனவுப் பணிமனை இயங்குகிறது. இயங்குகிறது என்பது அவர்களுடைய சொல். அதன் முன்சுவரில், ‘முன்னாள் மனைவி மறுமணம் செய்துகொண்டால் அன்றுடன் கொடுப்பனவு நிறுத்தப்படும்’ என்று மூன்று மொழிகளிலும் முழ எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். உத்தியோகத்தர்கள் பின்வாசலால் உள்ளே போகிறவர்கள் என்றபடியால் அதை வாசிக்கும் சந்தர்ப்பம் அவர்களுக்குக் கிடைத்ததில்லை.

ஐஸ் லொறி ஓட்டுகிற குலசிங்கம் அதைப் பாடமாக்கியவன். மாதத்தில் ஒரு காலை அந்தச் சுவருக்குக் கீழேதான் அவன் வெயிலில் நிற்க வேண்டும். பக்கத்தில் லொறியிலிருந்து ஐஸ் கரைந்து வீதியில் ஒழுகும். சல்லி, இறக்கக்கண்டிக் கடற்கரைகளில் மீனைக் கரையேற்றிவிட்டு ஐஸுக்குக் காத்திருப்பவர்கள் அவனுடைய பரம்பரையையே இழுத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அவனும் குணேஸ்வரியும் சண்டை பிடித்துப் பிரியவில்லை. ஐஸ் ஏற்றுவதற்கு அவன் விடியப்புறம் எழும்புவான். நாடகமெல்லாம் பார்த்து முடித்துவிட்டு அவள் அப்போதுதான் கண்ணயர்வாள். ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்க்காமலே சில வருடம் வாழ்ந்துவிட்டு, பிள்ளைகுட்டியும் இல்லை, மரியாதையாகப் பிரிவோம் என்று பிரிந்தார்கள். மரியாதை அத்தோடு முடிந்தது. அதன் பிறகு இருவரும் பணிமனையின் கையில் அகப்பட்டுக்கொண்டார்கள்.

பணிமனைக்கு இரண்டு யன்னல்கள். முதலாவது யன்னலில் பியோன், “குணேஸ்வரியின் கணவர்!” என்று கூவுவான். விவாகரத்தாகி வருடக்கணக்கான குலசிங்கம், “ஓம்” என்று ஆமோதித்துக் காசைக் கட்ட வேண்டும். பிரதம இலிகிதர் ஸெய்னுதீன் அதை வாங்கி லாச்சிக்குள் வைத்துப் பூட்டுவார். பிறகு தேத்தண்ணி குடிப்பார். குடித்து முடிந்ததும் லாச்சியைத் திறந்து, அதே காசை எடுத்துக்கொண்டு, கதிரையையும் இழுத்துக்கொண்டு இரண்டாவது யன்னலுக்குப் போவார். அங்கே பியோன், “குலசிங்கத்தின் மனைவி!” என்று கூவ, குணேஸ்வரி “ஓம்” என்று சொல்லி வாங்குவாள். நேரே கையில் கொடுத்தால் என்ன என்று ஆரம்பத்தில் குலசிங்கம் கேட்டதுண்டு. நேரே கொடுத்தால் அது அன்பு, இப்படிக் கொடுத்தால்தான் பராமரிப்பு என்று அவனுக்கு விளக்கப்பட்டது. ஒரு மாதம் தவறினால் பிடியாணை, அதற்கும் மசியாவிட்டால் மறியலில் கம்பி எண்ண வேண்டும் என்பதும் விளக்கப்பட்டது. இரண்டாவது விளக்கம் அவனுக்கு உடனே விளங்கியது.

இப்படி இருக்கையில்தான் குணேஸ்வரி கப்பல்துறை என்ற ஊரில் மேசன் வேலை செய்யும் பேரின்பத்தைக் கல்யாணம் முடித்தாள். மாதாமாதம் பார்த்துப் பழகிய முகங்கள் என்று பணிமனை முழுவதற்கும் அழைப்பிதழ் கொடுத்திருந்தாள். எல்லோரும் பணிமனையின் வான் வண்டியில் ஏறி வந்தார்கள். ஸெய்னுதீன் கல்யாணப் பதிவு எழுத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வைத்தார். பணிப்பாளர், யாரும் கேட்காமலே, மணமக்களை வாழ்த்தி நீண்ட உரை ஒன்று ஆற்றினார். ‘பேரின்பம் – குணேஸ்வரி திருமண நாள் நினைவாக, பணிமனை ஊழியர்கள்’ என்று பொன் எழுத்தில் எழுதிய சுவர் மணிக்கூடு ஒன்றையும் கையளித்தார்கள். இதெல்லாம் குலசிங்கத்துக்கு எப்படித் தெரியும் என்றால், சர்பத்துக்கு ஐஸ் கொண்டுபோய் இறக்கியவன் அவன்தான். மண்டபத்தின் பின்பக்கம் நின்று எல்லாவற்றையும் மனம் நிறையப் பார்த்தான்.

மனம் நிறைந்ததற்குக் காரணம் சுலோஜனா. சல்லியில் கருவாடு உலர்த்தும் வாடி வைத்திருக்கும் விதவைப் பெண். அவளுக்கு ஐஸ் கொடுக்கப் போய்ப் போய், ஐஸ் தேவைப்படாத நாளிலும் குலசிங்கத்தின் லொறி அந்தப் பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தது. அவள் ஒளிவுமறைவு தெரியாதவள்.

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, இல்லையெண்டேல்ல. ஆனா மாசாமாசம் இன்னொருத்தியின்ர புருசன் எண்டு கூப்பிடேக்க ‘ஓம்’ எண்டு சொல்லுற ஆளுக்கு நான் கழுத்தை நீட்டமாட்டன். அந்த ஓமை முதல்ல நிப்பாட்டிப்போட்டு வாங்கோ” என்று சொல்லியிருந்தாள்.

சுவரில் எழுதியிருப்பதை நம்பிய குலசிங்கம், புதுச் சட்டை போட்டுக்கொண்டு யன்னலுக்குப் போனான். ஸெய்னுதீனை எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள்.

“நானா, குணேஸ்வரி கல்யாணம் முடிச்சிட்டா. இனி நான் கட்டத் தேவையில்லைதானே?”

ஸெய்னுதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முடிச்சிட்டாவா? ஆரு சொன்ன?”

“நீங்கள்தானே சாட்சிக் கையெழுத்து வச்சனீங்கள்!”

“அது சனிக்கிழமை, தம்பி. சனிக்கிழமை நான் ஸெய்னுதீன். இண்டைக்கு நான் பிரதம இலிகிதர். ஸெய்னுதீனுக்குத் தெரிஞ்சதெல்லாம் பிரதம இலிகிதருக்கும் தெரியவேணும் எண்டு சட்டம் இல்ல.”

“பாயசம் ரெண்டு தரம் வாங்கிக் குடிச்சீங்களே, நானா?”

“அது பசி. அத்தாட்சி இல்ல.”

அத்தாட்சிதானே என்று குலசிங்கம் விவாகச் சான்றிதழின் பிரதியை எடுத்து நீட்டினான். ஸெய்னுதீன் அதைப் பிறத்தியாருடைய கைக்குழந்தையைப் போலத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, அலுமாரியிலிருந்து குலசிங்கம், குணேஸ்வரி இருவருக்குமான ஒரே கொடுப்பனவுக் கார்ட்டை எடுத்து வைத்தார்.

“இந்தா பாரு. கணவர் எண்டு ஒரு வரிதான் இருக்கு. அதில உன்ட பேர் கிடக்கு. பேரின்பத்தை நான் எங்க எழுதுற?”

“என்ர பேரை வெட்டுங்கோ.”

“வெட்டலாம். கொடுப்பனவு நிண்டவன்ட பேரைத்தான் வெட்டலாம். உனக்குக் கொடுப்பனவு நடக்குதே.”

“அப்ப கொடுப்பனவை நிப்பாட்டுங்கோ.”

“நிப்பாட்டலாம். வேற கணவர் இருக்கிற ஆளுக்குத்தான் நிப்பாட்டலாம். அவட கார்ட்டில வேற கணவர் இல்லையே.”

குலசிங்கம் தலையைச் சொறிந்தான். எங்கோ ஒரு கதவு இருக்க வேண்டும், தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு காசைக் கட்டினான்.

அடுத்த மாதம் பேரின்பமும் கூட வந்தான். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவனுக்கு ஊருக்குள் தலைகாட்ட முடியவில்லை. குலசிங்கத்திடம் குறைபட்டான்.

“எனக்கு வெக்கமாக் கிடக்கு, அண்ணை. என்ர மனுசிக்குச் சோறு போட எனக்கு ஏலாதே? மற்றவன்ர காசில குடும்பம் நடத்திறான் எண்டு வேலைக்கு வாற பொடியள் நக்கலடிக்கிறாங்கள்.”

குணேஸ்வரி இரண்டாவது யன்னலில் உறுதியாகச் சொன்னாள். “எனக்கு இந்தக் காசு வேண்டாம்.”

“வேண்டாம் எண்டா காசு திரும்பி அலுமாரிக்குப் போகும்” என்றார் ஸெய்னுதீன். “அலுமாரிக்குப் போனா அவர் கட்டேல்ல எண்டுதான் பதிவாகும். பிடியாணை வரும். உங்கட கணவரை மறியலுக்கு அனுப்பவா பாக்கிறீங்க?”

“அவர் என்ர கணவர் இல்லை!”

“கோவத்தில எல்லாப் பொம்பிளையளும் அப்பிடித்தான் சொல்லுற.”

குணேஸ்வரி வேறு வழியில்லாமல் காசை வாங்கினாள். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்ற குலசிங்கத்தின் கையில் அப்படியே திருப்பிக் கொடுத்தாள். பேரின்பம் தெருக்கரைக் கடையில் மூன்று தேத்தண்ணி வாங்கிவந்தான். இதுவும் ஒரு வழிதான், இப்படியே சமாளிப்போம் என்று மூவருக்கும் தோன்றியது. ஆனால் பணிமனையின் யன்னல்கள் வேலைக்குத்தான் மூடியிருக்கும், வேடிக்கை பார்க்கவும் விடுப்புக் கேட்கவும் திறந்திருக்கும். அடுத்த கிழமையே குலசிங்கத்தைப் பணிப்பாளர் கூப்பிட்டனுப்பினார்.

பணிப்பாளரின் அறையில் குளிரூட்டி இருந்தது. குலசிங்கத்தின் ஐஸ் பெட்டியைவிட அங்கே குளிர் அதிகம்.

“மிஸ்டர் குலசிங்கம், நீங்கள் மனைவிக்குக் குடுக்கிறீங்கள். மனைவி அதைத் திருப்பி உங்களுக்குத் தாறா. பிறகு மரத்துக்குக் கீழ சேர்ந்து நிண்டு தேத்தண்ணி குடிக்கிறீங்கள். இந்த மாவட்டத்தில இவ்வளவு ஒற்றுமையான ஒரு குடும்பத்தை நான் காணேல்ல. இதைக் குலைக்கச் சொல்லியா என்னைக் கேக்கிறீங்கள்?”

“தேத்தண்ணிக்குக் காசு குடுத்தது பேரின்பம், சேர். அவர்தான் அவவின்ர புருசன்.”

“அவரைக் குடும்ப நண்பர் எண்டு குறிச்சிருக்கு” என்றார் பணிப்பாளர். “எண்டாலும் நாங்கள் நியாயமான ஆக்கள். நேரில வந்து பாக்கிறம்.”

நேரில் வந்து பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தெரிவு செய்தார்கள். பணிப்பாளரும் ஸெய்னுதீனும் கப்பல்துறைக்கு வருவதை முன்கூட்டியே சொல்லி, நண்டு கிடைக்குமா என்றும் கேட்டிருந்தார்கள். பேரின்பம் வீட்டு வாசலில் நின்று இருவரையும் கும்பிட்டு வரவேற்றான். குலசிங்கமும் வந்து ஒரு மூலையில் நின்றான். குணேஸ்வரியின் கழுத்தில் அவன் கட்டிய தாலி கிடந்தது. மாலை மாற்றிய படம் சுவரில் தொங்கியது. அதற்குப் பக்கத்தில் மணிக்கூடு.

பணிப்பாளர் நண்டுக் காலைக் கடித்துக்கொண்டு மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்தார். இனி மறுக்க ஏலாது என்று பேரின்பம் குலசிங்கத்தைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான்.

“நல்ல மணிக்கூடு. சரியான நேரம் காட்டுது. எங்க வாங்கினீங்கள்?” என்று கேட்டார் பணிப்பாளர்.

“நீங்கள் தந்தது, சேர்! எங்கட கல்யாணத்துக்கு! பேரெல்லாம் எழுதிக் கிடக்கு, பாருங்கோ!”

“அப்பிடியா? எங்கட ஆக்களுக்கு நல்ல ரசனை” என்று சொல்லிவிட்டு அவர் இன்னொரு நண்டை எடுத்தார்.

அறிக்கை வந்தது. வீட்டில் ஓர் ஆண் நபர் காணப்பட்டதாகவும், அவர் பணிவானவர் என்றும், நண்டுக் கறியின் தரத்தை நோக்குமிடத்துப் பெண்மணி முறையாகப் பராமரிக்கப்பட்டு வருவது தெளிவாவதால் திரு. குலசிங்கத்தின் கொடுப்பனவு நற்பயன் அளிப்பதாகவும், ஆகவே அது தொடரப்பட வேண்டுமென்றும் அதில் எழுதியிருந்தது.

குலசிங்கத்துக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. கப்பல்துறைக்குப் போய் மணிக்கூட்டைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து பணிப்பாளரின் மேசையில் வைத்தான்.

“இதில உங்கட பணிமனையின்ர பேர் இருக்கு, சேர். திருமண நாள் எண்டும் கிடக்கு. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?”

பணிப்பாளர் ஸெய்னுதீனைக் கூப்பிட்டார். இருவரும் மணிக்கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். சான்றுப்பொருள் என்று ஒட்டுத்தாள் ஒட்டி, மேலும் பரிசீலிப்பதற்காகப் பணிமனைச் சுவரில் மாட்டும்படி பணிப்பாளர் உத்தரவிட்டார். பணிமனை மணிக்கூடு நின்று கனகாலம். அன்றிலிருந்து ஊழியர்கள் எல்லோரும் சான்றுப்பொருளைப் பார்த்துத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

“ஒரு கார்ட் குறைஞ்சா உங்களுக்கு என்ன சேர் நட்டம்?” என்று குலசிங்கம் அழாக்குறையாகக் கேட்டான்.

இந்தக் கேள்வி பணிப்பாளரைச் சுட்டுவிட்டது. “என்ன நட்டமா? இந்தப் பணிமனை முதலாம் தரம். முதலாம் தரத்துக்குப் பணிப்பாளருக்குச் சாரதியோட வாகனம். கார்ட் குறைஞ்சா இரண்டாம் தரம். இரண்டாம் தரத்துக்கு மோட்டச்சைக்கிள். சனம் ஆசைப்பட்டு மறுமணம் செய்யிறதுக்கெல்லாம் நான் மோட்டச்சைக்கிளில போகவேணுமா? நீங்கள் உங்கட ஒரு ஆளை மட்டும் யோசிக்கிறீங்கள், மிஸ்டர் குலசிங்கம். நான் ஒரு நிறுவனத்தை யோசிக்கிறன்.”

இவ்வளவு நேர்மையான பதில் அந்தக் கட்டிடத்தில் அதற்கு முன்னும் பின்னும் யாருக்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை. சுலோஜனாவிடம் இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

“நான் எவ்வளவு காலம் பாத்துக்கொண்டிருக்கிறது? எனக்கும் வயசு போகுது. வாடியில வந்து போறவையெல்லாம் என்னைப் பாத்துக் கதைக்கினம்” என்றாள். அதன் பிறகு ஐஸுக்குக் காசைக் கொடுத்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொள்வாள். குலசிங்கத்துக்கு லொறியை எடுக்கவே மனம் வராது.

அந்த நேரம் பார்த்துப் பணிமனையின் ஆண்டு விழா வந்தது. “உன்ட விசயமா நல்ல செய்தி ஒண்டு இருக்கு. வந்திரு” என்று ஸெய்னுதீன் சொல்லியனுப்பினார். குலசிங்கம் ஓடோடிப் போய்ச் சுலோஜனாவைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் நல்ல சேலை உடுத்து, முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி இருந்தாள். அழைப்புக் கிடைத்து வந்த குணேஸ்வரியும் பேரின்பமும் பின்வரிசையில் இருந்தார்கள்.

மங்கல விளக்கு ஏற்றினார்கள். வரவேற்புரைகள் மூன்று நடந்தன. ஒருவர் வரவேற்றதை மற்றவர் நம்பவில்லைப் போலும். கடைசியில் பணிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“பெருமதிப்புக்குரிய சபையோரே! மனைவி வீட்டில் இருக்கும்போதே அவளைப் பராமரிக்காத ஆண்கள் மலிந்துவிட்ட காலம் இது. ஆனால் இதோ ஒரு மனிதர்! மனைவி இவரைப் பிரிந்து சென்றார், இவர் கட்டினார். மனைவி கப்பல்துறையில் வேறொருவரை மறுமணம் செய்தார், இவர் கட்டினார். நானே அத்திருமணத்துக்குச் சென்று வாழ்த்தினேன். அப்போதும் இவர் கட்டினார்! இவ்வாண்டின் மாதிரிக் கொடுப்பனவாளராகத் திரு. குலசிங்கம் அவர்களைக் கௌரவிப்பதில் நாம் பெருமையடைகிறோம்!”

மண்டபம் அதிரக் கை தட்டினார்கள். யாரோ அவனைத் தள்ளி மேடையில் ஏற்றினார்கள். தோளில் பொன்னாடை விழுந்தது. குலசிங்கத்துக்கு ஒன்று மட்டும் காதில் நின்றது. அவன் பணிப்பாளரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“சேர், மறுமணம் எண்டு இப்ப நீங்களே சொன்னீங்கள். இவ்வளவு சனமும் கேட்டது. அதை ஒரு துண்டில எழுதிக் கையெழுத்து வச்சுத் தாங்கோ. கால்ல விழுறன்.”

பணிப்பாளர் ஒலிவாங்கியைக் கையால் பொத்தினார். “இண்டைக்கு நான் பிரதம விருந்தினர். பணிப்பாளர் லீவு. திங்கக்கிழமை வாங்கோ.”

“திங்கக்கிழமை ஒத்துக்கொள்ளுவீங்களா?”

“திங்கக்கிழமை பணிப்பாளர் வந்திடுவார். ஆனா அவர் இந்த விழாவுக்கு வரேல்லையே, அவருக்கு என்னண்டு தெரியும்?”

அதற்குள் படம் எடுக்கத் துணைவியாரை மேடைக்கு அழைத்தார்கள். முகம் கறுத்துப்போன குணேஸ்வரியைப் பியோன் கூட்டிவந்து குலசிங்கத்தின் பக்கத்தில் நிறுத்தினான். படத்துக்குள் விழாமல் கொஞ்சம் ஒதுங்கி, அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்படி பேரின்பத்திடம் சொன்னார்கள். அவனும் பிடித்துக்கொண்டு நின்றான். கமெரா வெளிச்சம் அடித்தபோது முன்வரிசையில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது.

குலசிங்கம் பொன்னாடையோடு மேடையால் குதித்து ஓடினான். உட்துறைமுக வீதியில் போன ஓட்டோக்காரர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் தரிப்பிடத்துக்குக் கிட்ட அவளைப் பிடித்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது. இவளும் போய்விட்டால் தனக்கு இந்த உலகத்தில் மிஞ்சப்போவது அந்த முதலாவது யன்னல் மட்டும்தான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. பயத்தில் அழுகை வந்தது.

“அந்த ஓமை அவங்கள் என்னைப் பிடிச்சு வச்சுச் சொல்ல வைக்கிறாங்கள், சுலோஜனா. அது என்ர ஓம் இல்லை. உங்களுக்குச் சொல்லுற ஓம்தான் நானாச் சொல்லுறது. அவங்கட சுவரை நம்பி இனி மினக்கெடமாட்டன். வாற கிழமை கல்யாணம் எழுதுவம். மறியலுக்குப் போனாலும் உங்கட புருசனாப் போறன்.”

சுலோஜனா அவனை மேலும் கீழும் பார்த்தாள். “முதல்ல உந்தச் சால்வையைக் கழட்டுங்கோ. பாக்கச் சகிக்கேல்ல” என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

அடுத்த கிழமை எழுத்து நடந்தது. குலசிங்கம் யாரையும் அழைக்கவில்லை. ஆனாலும் பணிமனை வான் வந்து நின்றது. எல்லோரும் இறங்கிச் சாப்பிட்டார்கள். பரிசுப் பொதியைப் பிரித்தபோது உள்ளே ஒரு மணிக்கூடு இருந்தது. பேரின்பம் – குணேஸ்வரி என்ற எழுத்துகளுக்கு மேல் வெள்ளைப் பெயின்ற் அடித்து, குலசிங்கம் – சுலோஜனா என்று எழுதியிருந்தார்கள். சான்றுப்பொருள் ஒட்டுத்தாளை மட்டும் உரிக்க மறந்துவிட்டார்கள்.

மாதத்தின் அந்தக் காலை வந்தது. “கட்டமாட்டன் எண்டு சொல்லிப்போட்டு வருவம்” என்று குலசிங்கம் புறப்பட, சுலோஜனாவும் லொறியில் ஏறிக்கொண்டாள். முதலாவது யன்னலுக்கு முன்னால் பேரின்பமும் வரிசையில் நின்றான். ஏன் நிற்கிறான் என்று கேட்பதற்குள் பியோன் கூவினான்.

“குணேஸ்வரியின் கணவர்!”

பழக்கதோஷத்தில் குலசிங்கம் வாயைத் திறந்தான். “ஓம்” என்று சொன்னது பேரின்பம்.

குலசிங்கத்துக்கு நம்ப முடியவில்லை. பொங்கி வந்த சந்தோசத்தில் யன்னலுக்குள் தலையை விட்டான். “நானா! அப்ப மறுமணத்தை ஒத்துக்கொண்டாச்சா?”

“உனக்கு நாங்க அநியாயம் செய்வமா, தம்பி?” என்றார் ஸெய்னுதீன் வாஞ்சையோடு. “நீ முடிச்ச உடன உன்ட கார்ட்டில மனைவி எண்ட வரிக்குச் சுலோஜனா வந்திட்டா. குணேஸ்வரி வெளிய போயிட்டா. போனவவுக்குப் புதுக் கார்ட், கணவர் பேரின்பம். ஒரு கார்ட் ரெண்டு கார்ட் ஆயிட்டு. பணிப்பாளருக்குச் சரியான சந்தோசம். ரெண்டாவது வாகனத்துக்கு எழுதிப்போட்டிருக்கார்.”

அதற்குள் பியோன் அடுத்த பெயரைக் கூவினான். “சுலோஜனாவின் கணவர்!”

“நாங்கள் பிரியேல்லையே, நானா!” குலசிங்கம் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். “ஒரு வீட்டில, ஒரு பானையில சாப்பிடுறம். பராமரிப்புக் காசு என்னத்துக்கு?”

“பிரிஞ்சாப் பிறகு கட்டத் தொடங்கினாக் கஷ்டம், தம்பி. இப்பவே பழகிக்கொள்ளுங்க. கட்டாட்டிப் பிடியாணை எண்டு தெரியும்தானே.”

குலசிங்கம் திரும்பிச் சுலோஜனாவைப் பார்த்தான். மறியலுக்கும் போவேன் என்று அவளுக்குச் சொன்னது நினைவுக்கு வந்தது. கல்யாணம் முடித்து ஒரு மாதம் ஆகவில்லை. அவளை விட்டுவிட்டு மறியலுக்குப் போக அவனுக்கு மனம் வரவில்லை. ஓம் என்று சொல்லிக் காசைக் கட்டினான்.

ஸெய்னுதீன் அதை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத் தேத்தண்ணி குடித்தார். குடித்து முடிந்ததும் லாச்சியைத் திறந்து காசை எடுத்துக்கொண்டு, கதிரையை இழுத்துக்கொண்டு இரண்டாவது யன்னலுக்குப் போனார்.

“குலசிங்கத்தின் மனைவி!”

சுலோஜனா அசையவில்லை. பியோன் இன்னொரு தரம் கூவினான். காசை வாங்காவிட்டால் அது அலுமாரிக்குப் போகும், அலுமாரிக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை வரிசையில் நின்ற குணேஸ்வரி அவளுடைய காதுக்குள் சொன்னாள். வெளியே லொறியிலிருந்து ஐஸ் ஒழுகிக்கொண்டிருந்தது. சுலோஜனா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு யன்னலுக்கு முன்னால் போய் நின்றாள்.

“ஓம்” என்றாள்.